எட்டாம் மாடிக் குசினி

கரையோர ரயிலில் கொழும்புக்கு வருபவர்கள் கவனித்திருப்பார்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி வரைக்கும் இடப்பக்கமாகக் கூடவே வந்த கடல், கொள்ளுப்பிட்டியைத் தாண்டியதும் விலகிப் போய்விடும். ரயில் ஊருக்குள் திரும்பும். அடுத்த தரிப்பு கொம்பனித்தெரு. முன்பெல்லாம் அவ்விடத்தில் ஜன்னலால் எட்டிப் பார்த்தால் தகரக் கூரைகளும், கொடியில் காயும் உடுப்புகளும், வீட்டுப் பின்புறங்களிலிருந்து எழும் விறகுப் புகையும் கண்ணில் படும். இப்பொழுது நிமிர்ந்து பார்க்க வேண்டிய கட்டிடங்களே மிகுதி.

2010 மே மாதத்தில் மியூஸ் வீதியில் வீடுகள் உடைக்கப்பட்டமை பலருக்கு ஞாபகமிருக்கும். அதைத் தொடர்ந்து வந்த வருடங்களில், அப்பகுதித் தோட்டங்களிலும் ஒழுங்கைகளிலும் தலைமுறைகளாக வாழ்ந்த எத்தனையோ குடும்பங்கள் தெமட்டகொடைப் பக்கத்துத் தொடர்மாடிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. என் தங்கை வாழ்க்கைப்பட்ட குடும்பமும் அவற்றிலொன்று. 2014இல் எட்டாம் மாடியில் ஒரு வீட்டின் திறப்பு அவர்களுக்குக் கிடைத்தது. ஏறத்தாழ 400 சதுர அடி. இரண்டு சிறிய அறைகள், ஒரு முன் மண்டபம், ஒரு குளியலறை, ஒரு குசினி.

இத்தொடர்மாடிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் லிப்டைப் பற்றி எழுதுவார்கள். தண்ணீரைப் பற்றி எழுதுவார்கள். பிள்ளைகளுக்கு விளையாட இடமில்லாததைப் பற்றி எழுதுவார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அங்கு போய்வந்த இத்தனை தடவைகளிலும் என் கண்ணை ஈர்த்தது அந்தக் குசினிதான். ஒரு மௌலவிக்குக் குசினியில் என்ன வேலை என்று சகோதரிகள் சிரிக்கக் கூடும். அரபுக் கல்லூரி விடுதியில் ஏழு வருடம் ஓதியவன் நான். முறை வைத்து வெங்காயம் உரித்தவர்களுக்கு, எட்டுப் பேர் நிற்க வேண்டிய சமையற்கட்டில் இருபது பேர் நின்றால் என்ன நடக்கும் என்பது தெரியும்.

வீடு மாறிய அன்று கையில் அளவு நாடாவோடுதான் போனேன். குசினி 7 அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் கூடிய அகலம். பேசினைக் கழித்தால் மிஞ்சும் மேடை 4 அடி. அதில் கேஸ் குக்கர் ஒன்றரை அடியைக் கொண்டு போய்விடும். ஆக, ஒரு குடும்பத்தின் வெட்டுதல், அரைத்தல், பிசைதல், இறக்கி வைத்தல் அனைத்துக்கும் இரண்டரை அடி. பிளக் செருக இரண்டே இடம்.

கொம்பனித்தெரு வீடு பெரியதென்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அதுவும் சிறியதுதான். ஆனால் அதற்கு ஒரு பின்புறம் இருந்தது. தகரம் சாய்த்த அந்தப் பின்புறத்தில்தான் தங்கை இடியப்பம் அவித்தாள். மூன்று கல் அடுப்பு, மரக்காலையில் கிடைத்த துண்டு விறகு, சிரட்டை. விடியற்காலை மூன்றரைக்கு எழும்பினால் ஆறரைக்குள் நானூறு இடியப்பம். இரண்டு சாப்பாட்டுக் கடைகள் வாடிக்கை. மச்சானின் முச்சக்கர வண்டி உழைப்பு நாளுக்கு நாள் மாறும். இடியப்பக் காசு மாறாது. பிள்ளைகளின் பாடசாலைச் செலவு அதிலிருந்துதான் போனது.

எட்டாம் மாடியில் விறகு எரிக்க முடியாது. ஆகவே அன்று நாங்கள் எடுத்த முடிவு எந்தச் சாமான் அழகு, எது விலை கூடியது என்பதைப் பற்றியதல்ல. அந்த இரண்டரை அடியில் இடியப்பத் தொழில் பிழைக்குமா என்பதைப் பற்றியது.

லொறியில் வந்திறங்கியவற்றை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது. இரண்டு ரைஸ் குக்கர். ஒரு கிரைண்டர். அதற்கு மேலாகக் கல்யாண அன்பளிப்பாக வந்து பெட்டியே உடைக்காத ஒரு பிளெண்டர். பாண் துண்டு சுடும் மெஷின். மின்கேத்தல். கேக் போடும் மின்னடுப்பு. மச்சானின் தம்பி கட்டாரிலிருந்து காவிக்கொண்டு வந்த மைக்ரோவேவ். குளிர்சாதனப் பெட்டி. இவற்றோடு மாமியின் அம்மி, உரல், உலக்கை, துருவலை, இடியப்ப உரல்கள் இரண்டு, தட்டுகள் அறுபதுக்கு மேல், அவிக்கும் பெரிய சட்டி. (நம் கல்யாண வீடுகளில் ஒரே சாமானை மூவர் அன்பளிப்புச் செய்வது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. காசாகக் கொடுத்தால் குறைந்தா போய்விடுவோம்?)

முன் மண்டபத்தில் அத்தனையும் குவிந்து கிடக்க, மச்சான் விலைப்படி பேசினார். மாமி பழைமைப்படி பேசினார். தங்கைதான் விஷயத்தைப் பிடித்தாள். “நானா, காலம்பற மூண்டரைக்கும் ஏழு மணிக்கும் எடேல என்ட கை படுற சாமான் மட்டும் குசினிக்குள்ள ஈக்கட்டும். மத்ததுக்கெல்லாம் பொறகு எடம் பாப்பம்” என்றாள். வீட்டுச் சாமான் தெரிவு செய்ய இதைவிட நேரான அளவுகோலை நான் இதுவரை கேட்டதில்லை.

அந்த அளவுகோலால் அளந்தபோது சில முடிவுகள் யாரும் எதிர்பாராதவையாக இருந்தன. மின்கேத்தலை முதலில் தள்ளிவிடத்தான் எல்லோரும் நினைத்தோம். தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைக்க கேஸ் குக்கர் இருக்கிறதே! ஆனால் இடியப்ப மாவைக் குழைக்கக் கொதிநீர் வேண்டும். கேஸ் குக்கரில் இரண்டு அடுப்புத்தான். இரண்டிலும் அவியல் சட்டி இருந்தால் கொதிநீருக்கு எங்கே போவது? கேத்தல் ஒன்றரை லீற்றரை ஐந்தாறு நிமிடத்தில் கொதிக்க வைத்துவிடும். 1500, 2000 வாட்ஸ் என்று அடியில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். இழுப்பது அதிகந்தான், ஆனால் இழுக்கும் நேரம் சொற்பம். ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்க ஒரு யுனிட்டில் ஏழில் ஒரு பங்களவே போகும். நாள் முழுவதும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் குளிர்சாதனப் பெட்டியே பில்லைத் தின்பது. ஆகவே கேத்தல் உள்ளே வந்தது. அது தேத்தண்ணிச் சாமானாக அல்ல, தொழிற் சாமானாகவே வந்தது.

ரைஸ் குக்கர் ஒன்று போதும் என்பதில் சண்டையில்லை. சிறியதா பெரியதா என்பதுதான் கேள்வி. பெரியதையே வைத்தார்கள். குறையச் சமைக்கப் பெரியதால் முடியும். கூடச் சமைக்கச் சிறியதால் முடியாது. இந்தச் சாமானின் உள்வேலை எளிமையானது. பானையில் தண்ணீர் இருக்கும் வரை அதன் சூடு 100 பாகையைத் தாண்டாது. தண்ணீர் முழுவதையும் அரிசி குடித்ததும் அடிச்சூடு ஏறும். ஏறியதும் அடியிலுள்ள காந்தம் தன் பிடியை விட, வில் தட்டி ஆளி விடுபடும். பக்கத்தில் ஆள் நிற்கத் தேவையில்லை. இரண்டு கையும் இடியப்ப உரலில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு, தானாகவே அணையும் அடுப்பு ஓர் உதவியாளுக்குச் சமம். 700 வாட்ஸ் குக்கர் ஒரு தடவை சோறாக்க அரை யுனிட்டும் எடுக்காது. சோறு வெந்த பிறகு சூட்டில் வைக்கும் பொத்தானோடு மணிக்கணக்கில் விட்டுவிடுவதுதான் வீண்.

கிரைண்டர் இருந்தது, பிளெண்டர் பெட்டியோடு ஊருக்கு வந்தது. ஒன்று செய்யும் வேலையை மற்றது செய்யுமானால் இரண்டுக்கு இடமில்லை.

துருவலை விடயத்தில் ஒரு சிக்கல். மேசை விளிம்பில் பூட்டிச் சுழற்றும் துருவலை புதிதாக வாங்கினோம். அந்த மேடையின் விளிம்போ டைல்ஸ் ஒட்டி மொத்தமாகிப் போயிருந்தது. பூட்டு அதைப் பிடிக்கவில்லை. வாங்குமுன் மேடையின் மொத்தத்தையும் அளந்து கொண்டு போகும்படி இதை வாசிப்பவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன். பழைய, குந்தியிருந்து துருவும் பலகைத் துருவலை கதவுக்குப் பின்னால் செங்குத்தாகச் சாய்ந்து நின்றது. இன்றும் அங்குதான் நிற்கிறது.

உரலும் உலக்கையும் வெளியேறின. எட்டாம் மாடியில் உலக்கை விழுந்தால் ஏழாம் மாடியில் பிள்ளை தூக்கத்திலிருந்து எழும்பும். மா இடிப்பது மில்லோடு சரி. ஆனால் அம்மியை விட்டுக் கொடுக்க மாமி சம்மதிக்கவில்லை. “இது கரண்டு கேக்கியா? கேஸ் கேக்கியா? பேசினுக்குக் கீழ கெடந்துட்டுப் போகட்டும்” என்றார். பேசினுக்குக் கீழே வேறெதுவும் வைக்க முடியாத ஓர் ஈரமான மூலை இருந்தது. அம்மி அங்கே போய்க் கிடந்தது. பாரத்தைத் தூக்கிய எனக்கும் மச்சானுக்கும் மூச்சு வாங்கியது. வயதானவரின் மனம் நோகக் கூடாதென்பதற்காகத்தான் தூக்கினோம். வேறு பயன் எதையும் எதிர்பார்க்கவில்லை.

மைக்ரோவேவுக்கு வருவோம். மூன்றரைக்கும் ஏழுக்கும் இடையில் அதில் யாருடைய கையும் படுவதில்லை. மேடையில் வைத்தால் அதுவே தனியாக ஒன்றரை அடியைப் பிடித்துக் கொள்ளும். ஆனால் கட்டாரிலிருந்து தம்பி சுமந்து வந்தது. அதை வெளியேற்றினால் தம்பியையே வெளியேற்றுவது போல மச்சானுக்கு. எனவே அது அலுமாரிக்கு மேல் ஏறியது. இரண்டு வருடம் அங்கிருந்து வீட்டாரைப் பார்த்துக் கொண்டிருந்தது. தம்பி விடுமுறையில் வந்து, தானே பார்த்துச் சிரித்து, “நானா, இத வித்துப் பெரிய இடியப்பச் சட்டி ஒண்டு எடுங்கோ” என்று சொன்ன பிறகுதான் இறங்கியது. உறவின் பேரால் இடத்தைப் பிடித்திருக்கும் சாமான்கள் நம் வீடுகளில் இப்படி எத்தனை! கொண்டுவந்தவரிடம் மனம்விட்டுப் பேசினால் பெரும்பாலும் அவரே தீர்வையும் சொல்லிவிடுவார்.

கேக் போடும் மின்னடுப்பின் கதை வேறு. அதே மாடியில் தாழ்வாரத்தின் கோடியில் ஒரு சிங்களச் சகோதரி குடியிருக்கிறார். பிறந்தநாள் கேக் ஓடர் எடுப்பவர். அவருக்கு அதில் தினமும் வேலை இருந்தது. தங்கைக்கு இரண்டு பெருநாளைக்கு மட்டுந்தான். அடுப்பு அங்கே போனது. பெருநாளைக்கு முந்திய இரவு நம் மாவும் முட்டையும் தாழ்வாரம் வழியாகப் போகும். கேக்காகத் திரும்பி வரும். அவர் வீட்டு விசேஷங்களுக்கு இங்கிருந்து இடியப்பம் போகும். அடுப்பு யாருடையது என்று இப்போது யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. வருடத்தில் ஓரிரு நாள் மட்டும் தேவைப்படும் பெரும் சட்டிகளையும் சஹன்களையும் பள்ளிவாசல்களில் வாடகைக்கு எடுக்கும் பழக்கம் நம்மிடம் எப்போதோ இருந்து வருவதுதானே. ரமழானில் கஞ்சியும் பள்ளியிலிருந்தே வருவதால் கஞ்சிச் சட்டிக்கென்று தனியிடம் தேவைப்படவில்லை.

அந்த ஏற்பாட்டில் தொழில் நிமிர்ந்து நின்றது. முன்பு நானூறு; இங்கே முந்நூறு. கொம்பனித்தெருக் கடைகள் தூரமாகிப் போனதால் மருதானைப் பக்கமாக ஒரு கடை பிடித்தார்கள். விறகுக்குப் போகாத காசு கேஸுக்குப் போனது. 12.5 கிலோ சிலிண்டர் பன்னிரண்டு நாள் வரும்.

பிறகு 2021 வந்தது. அவ்வருடம் ஒக்டோபரில் கேஸ் விலைக் கட்டுப்பாடு எடுக்கப்பட்டதும், 1,500 ரூபாயளவில் இருந்த சிலிண்டர் ஒரே தாவலில் 2,500ஐத் தாண்டியது. நவம்பரில் நாட்டின் பல பாகங்களிலும் கேஸ் அடுப்புகள் வெடித்த செய்திகள் அடுக்கடுக்காக வந்தன. சிலிண்டருக்குள் இருந்த புரொப்பேன், பியூட்டேன் கலவையின் விகிதம் மாற்றப்பட்டதே முக்கிய காரணமென்று, அதை ஆராய நியமிக்கப்பட்ட குழு சொன்னது. அந்நாட்களில் தங்கை வீட்டுக் குசினியை மறுபடியும் மாற்றியமைத்தோம். இந்த வாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது. தரையில் தேங்கி நிற்கும். எனவே சிலிண்டரை மூலையிலிருந்து எடுத்து, காற்றோட்டமுள்ள பால்கனிப் பக்கம் நிமிர்த்தி வைத்து, குழாயையும் ரெகுலேட்டரையும் மாற்றி, மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பார்த்தோம். ரைஸ் குக்கரையும் கேத்தலையும் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் செருகும் பழக்கத்தையும் அன்றோடு நிறுத்தினோம். 13 அம்பியர் பிளக் ஒன்று தாங்குவது 3,000 வாட்ஸ் அளவுதான். மலிவான வயர்கள் அதையும் தாங்குவதில்லை.

2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். மார்ச் 31 அன்று 13 மணி நேர மின்வெட்டு. ஏப்ரல் முதல் வாரத்தில் ரமழான் பிறந்தது. சிலிண்டர் வரிசைகள் வீதி வளைந்து போயின. கிடைத்தால் ஏப்ரல் இறுதியில் விலை 4,860 ரூபாய். லிப்டும் ஓடாது. எட்டு மாடிக்கும் தண்ணீர்ப் போத்தலைச் சுமந்து ஏறினார்கள். கரண்ட் இருந்தால் ரைஸ் குக்கர்; கேஸ் இருந்தால் இடியப்பம்; இரண்டும் இல்லாவிட்டால் அந்த மாடியில் எவரிடமும் எதுவும் இல்லை. சிலர் கீழே கட்டிடத்தின் பின்புறத்தில் கல் வைத்து விறகு மூட்டினார்கள். ஒரு வீட்டில் கரியடுப்பைக் கதவடைத்த அறைக்குள் ஏற்றப் போனதாகச் சொன்னார்கள்; நல்லவேளையாக யாரோ தடுத்துவிட்டார்கள். கரி எரியும்போது வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. மூடிய வீட்டில் அது ஆளை எழும்ப விடாது.

அந்த ரமழானில் ஒரு கிழமை நான் அங்கிருந்தேன். பேசினுக்குக் கீழிருந்த அம்மி வெளியே வந்திருந்தது. மாமி இருட்டில் மெழுகுதிரி வெளிச்சத்தில் தேங்காயும் கொச்சிக்காயும் அரைத்துக் கொண்டிருந்தார். கிரைண்டர் பக்கத்திலேயே கையைக் கட்டி நின்றது. மாமி ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து ஒரு தரம் சிரித்தார், அவ்வளவுதான். கரண்ட் வரும் நேர அட்டவணை சுவரில் ஒட்டியிருந்தது. ஸஹருக்கு வேண்டிய சோறு அந்த நேரத்துக்கே ஆக்கப்பட்டு, சட்டியோடு பழைய போர்வையில் சுற்றி வைக்கப்பட்டது. பருப்பை ஒரு கொதி கொதிக்க வைத்து, மூடி, அதே போர்வைக்குள் வைத்தால் ஒன்றரை மணி நேரத்தில் தானாகவே வெந்திருக்கும். எரிபொருள் மிச்சம். இதைக் கண்டுபிடித்தது தாழ்வாரக் கோடியின் கேக்காரச் சகோதரிதான். குளிர்சாதனப் பெட்டியின் மேற்தட்டில் வெற்றிடம் இருந்த இடங்களிலெல்லாம் தண்ணீர்ப் போத்தல்களை உறைய வைத்திருந்தார்கள். நிரம்பிய உறைபெட்டி குளிரை நீண்ட நேரம் பிடித்து வைக்கும். பாதி வெறுமையானது சீக்கிரம் இளகிவிடும். கதவைத் திறப்பதற்கும் ஒரு நேரம் குறித்திருந்தார்கள்.

இடியப்பம் பத்து வாரம் நின்று போனது. இன்னொரு குக்கர் வேண்டும் என்று அப்போதுதான் முடிவானது. காந்த அடுப்பு வாங்கலாம் என்றார் மச்சான். அது மண்சட்டியையும் அலுமினியச் சட்டியையும் ஏற்காது, இரும்புப் பிடிப்புள்ள அடி வேண்டும். அதோடு கரண்டும் வேண்டுமே. ஒற்றைத் திரி மண்ணெண்ணெய் குக்கர் ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கினோம். அவ்வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெயும் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்குப் பாய்ந்தது. ஆனாலும் அது இன்றுவரை குளியலறைக் கதவுக்கு மேலுள்ள தட்டில், திரி மாற்றித் துடைத்தபடி இருக்கிறது. மூன்றரை மணி அளவுகோலுக்கு அது ஒத்துவராது. தங்கை அதற்காக அளவுகோலில் ஒரு விலக்குச் செய்தாள். மற்றெல்லாம் நின்றாலும் நிற்காத சாமான் ஒன்று, பாவிக்காவிட்டாலும், வீட்டில் இருக்க வேண்டும் என்பது அந்த விலக்கு. அம்மியும் அந்த விலக்கில் சேர்ந்து, ஈர மூலையிலிருந்து உலர்ந்த மூலைக்கு மாறியது.

மின்கட்டணம் 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் பெரிதாக ஏறியது. பின்னர் பலமுறை ஏறி இறங்கியிருக்கிறது. நம் நாட்டு வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 60, 90 என்ற படிகளைத் தாண்டினால் ஒரு யுனிட்டின் விலையே மாறும். ஆகவே தங்கை மீற்றரை வாரத்துக்கொரு தரம் பார்த்துச் சுவரில் குறித்து வைக்கிறாள். மகளுக்குச் சம்பந்தம் பேசி வரும் இந்நாட்களில் அந்தச் சுவரில் இன்னொரு கணக்கும் எழுதப்பட்டிருக்கிறது: மகள் போகப் போகும் வீட்டுக் குசினி மேடையின் நீளம். அதுவும் தொடர்மாடிதான், மாளிகாவத்தையில். பெண் வீட்டார் கொடுக்கவிருக்கும் சாமான்களின் பட்டியல் ஒன்றை மச்சானின் ராத்தா எழுதிக் கொண்டு வந்திருந்தார். பதினான்கு சாமான். தங்கை அதை வாங்கி, பேனையால் ஒவ்வொன்றாக வெட்டி, கிரைண்டர், ரைஸ் குக்கர், கேத்தல், பலகைத் துருவலை என்று நாலை மட்டும் மிச்சம் வைத்தாள். ராத்தாவுக்கு முகம் சுண்டிப் போயிற்று. பேச்சு இன்னும் முடியவில்லை.